பினாங்கில் நான்கு நாள்: லங்காவியை விடுங்கள், பழைய ஊருக்குள் தங்குங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மே மாத விடுமுறையில் திருச்சியிலிருந்து நான்கு பேர் கிளம்புகிறீர்கள்: நீங்கள், கணவர், 12 வயது மகள், 67 வயது மாமியார். கையில் மூன்று இரவு, நான்கு நாள். மலேசியாவின் பினாங்குத் தீவையும் லங்காவித் தீவையும் சேர்த்துப் பார்த்துவிடலாமா? தங்குவது கடற்கரையிலா, ஊருக்குள்ளா? மாமியாருக்கு முட்டி வலி, சுத்த சைவம் வேறு, சமாளிக்க முடியுமா? கணவர் கடாரத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார்; அது பக்கமா?

நான் பினாங்கின் பழைய ஊரான ஜார்ஜ் டவுனில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு அந்தத் தெருக்களில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். அதனால் தயங்காமல் சொல்கிறேன்: லங்காவி வேண்டாம். பழைய ஊருக்குள்ளேயே தங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பகுதிக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

லங்காவி வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரியும். விமானத்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, விமான நிலையத்தில் காத்திருந்து, அங்கே இறங்கி மறுபடி அறை எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். திரும்புவதற்கு இன்னொரு அரை நாள். நான்கில் ஒன்று இப்படிக் கரைந்தால், வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் கழித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கும்? லங்காவி கடலுக்கும் ஓய்வுக்கும் போக வேண்டிய இடம். அதைத் தனியாக ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஹோட்டல் என்றால் எல்லோரும் பத்து பெரிங்கி என்பார்கள். அங்கிருந்து பழைய ஊருக்கு வளைந்து வளைந்து வரும் ஒரே கடற்கரைச் சாலை. சாயங்கால நெரிசலில் ஒரு மணி நேரம்கூட ஆகும். கடலும் படத்தில் பார்க்கிற நீலம் இல்லை. கலங்கல்தான், ஜெல்லி மீன் எச்சரிக்கைப் பலகையும் உண்டு. மகளுக்குக் கடலில் குளிக்கும் ஆசை இருந்தால் ஏமாந்துபோவாள். பினாங்கின் அருமை அதன் தெருக்களில் இருக்கிறது. அதைப் பார்க்க விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் நீங்கள் அந்தத் தெருக்களில் இருக்க வேண்டும். தினமும் காரில் வந்து போகிறவர்களுக்குக் கிடைப்பது உச்சி வெயில் மட்டும்தான்.

ஊருக்குள் என்றால் லெபு சூலியா, லெபு ஆர்மீனியன், லிட்டில் இந்தியா இவற்றைச் சுற்றி. லெபு என்றால் மலாயில் தெரு. ஒரு எச்சரிக்கை: பழைய கடைவீடுகளை விடுதியாக மாற்றியிருப்பவற்றில் லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. மரப்படிகள் ஏணி மாதிரிச் செங்குத்தாக இருக்கும். என் அம்மா வந்தபோது படங்களைப் பார்த்து மயங்கி அப்படி ஒரு விடுதியில் மாடி அறை எடுத்துவிட்டேன். அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று நாளும் மதியம் அறைக்குப் போய்ப் படுக்காமல் கீழே நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எனவே முன்பதிவு செய்யும்போதே தரைத்தளத்தில் அறை உண்டா, இல்லையென்றால் லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டினருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. பல விடுதிகளில் அதைத் தனியாகத்தான் வாங்குவார்கள்.

இந்த ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நடக்கும்போது எல்லாம் வேறு மாதிரித் தெரியும். 1786 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி ஏற்றினார். காட்டை வெட்ட ஆள் வராததால் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடிப் போனவர்கள் காட்டை அழித்தார்கள் என்று ஒரு கதை உண்டு, மகளுக்குச் சொல்லுங்கள். வரி இல்லாத துறைமுகம் என்று அறிவித்ததும் சுற்றியிருந்த கடலெல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள், செட்டியார்கள், தென்சீனத்துக் குலங்கள், ஆச்சேக்காரர்கள், ஆர்மீனியர்கள், பர்மியர்கள், சயாமியர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். ஆளுக்கொரு தெரு, தெருவுக்கொரு வழிபாட்டிடம். அந்தத் தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்குச் சூலியா என்று பெயர். அதுதான் லெபு சூலியா.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை உயர்த்த முடியாது. சொந்தக்காரருக்கு இடித்துக் கட்ட மனம் வரவில்லை; குடியிருந்தவருக்குக் காலி செய்ய அவசியம் இல்லை. மற்ற ஊர்களில் கான்கிரீட் ஏறியபோது இங்கே தையல்காரரும் தச்சரும் ஊதுவத்தி செய்பவரும் பழைய கடைவீடுகளிலேயே இருந்தார்கள். 2000-இல் அந்தச் சட்டம் முழுமையாக நீங்கியது. வாடகை ஏறியது, பல குடும்பங்கள் வெளியேறின. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அதன்பின் காபிக்கடைகளும் விடுதிகளும் இன்னும் பெருகின. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அங்கே நீங்கள் செலவழிக்கும் காசு எங்கே போகிறது என்பது முக்கியம். ஊதுவத்திக்காரர், பூக்கட்டுகிறவர், பிரம்பு நாற்காலி பின்னுகிறவர் இன்னும் சிலர் மிஞ்சியிருக்கிறார்கள். புகைப்படம் எடுத்துவிட்டு நகராமல் ஏதாவது வாங்குங்கள். அந்தத் தெருக்கள் உயிரோடு இருப்பது அவர்களால்தான்.

சரி, முதல் நாள் வந்து இறங்கவே மதியமாகிவிடும். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரம் என்பதை நினைவில் வையுங்கள். அன்று சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் நடந்து, சாப்பிட்டுத் தூங்கினால் போதும். அங்கே லெபு பசார் என்ற தெருவுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் கடைத்தெரு. புடவைக் கடையிலிருந்து பாட்டுச் சத்தம், பூக்கடையில் மல்லிகை, பலகாரத் தட்டு. மாமியாருக்கு வெளிநாடு வந்ததாகவே தோன்றாது. கடைக்காரர்கள் பேசும் தமிழை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்பார்கள், சாப்பிட்டாயிற்றா என்பதற்கு ‘பசியாறியாச்சா’ என்பார்கள், கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதையை ‘அஞ்சடி’ என்பார்கள். ஐந்தடி அகலம் என்பதிலிருந்து வந்தது. வெயிலோ மழையோ, ஜார்ஜ் டவுனில் நடப்பது அந்த அஞ்சடியில்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தரை ஓடு வேறு, உயரமும் வேறு. இரண்டு வீடு சமமாக இருக்கும், மூன்றாவது வீட்டில் ஒரு படி இறங்கும். மாமியார் கையை யாராவது ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலைதான் இந்தப் பயணத்தின் உயிர். ஏழரை மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். முன்பு பிட் ஸ்ட்ரீட், இப்போது ஜாலான் மஸ்ஜிட் கபித்தான் கிளிங். இந்த ஒரு தெருவையும் அதன் பக்கத்துச் சந்துகளையும் மூன்று மணி நேரம் எடுத்து நடங்கள். மொத்தமே ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும்.

வடக்கு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818-இல் கட்டியது, வெள்ளைத் தூண்கள். கட்டுமான வேலை செய்தவர்களில் கம்பெனி இங்கே கொண்டுவந்து இறக்கிய இந்தியக் கைதிகள் இருந்தார்கள். அதைத் தாண்டினால் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோவில். முற்றத்தில் தூண் கனத்துக்கு ஊதுவத்திகள் புகைந்துகொண்டிருக்கும். உள்ளே பாட்டிமார் மூங்கில் குவளையைக் குலுக்கிக் குலுக்கிக் குச்சி விழும்வரை காத்திருப்பார்கள். விழுந்த குச்சியின் எண்ணைப் பார்த்துப் பலன் சொல்லும் சீட்டை எடுப்பார்கள். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “நம்ம ஊர்ல பூக்கட்டிப் பார்க்கிற மாதிரிதான்” என்றார். மொழி தெரியாமலே ஒரு பாட்டியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே அவசரப்படாதீர்கள்.

அடுத்தது மகா மாரியம்மன் கோவில். வாசல் லெபு குயின் பக்கம், முதுகு இந்தத் தெருவைப் பார்த்தபடி. 1833-இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோவில். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே தரிசனம் முடித்துவிடுங்கள். அப்புறம் கபித்தான் கிளிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்களின் தலைவராகக் கம்பெனி ஏற்றுக்கொண்ட காதர் மைதீன் 1801-இல் நிறுவியது. கபித்தான் கிளிங் என்பது அந்தப் பதவியின் பெயர். கிளிங் என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். இன்று இந்தியர்களை அப்படி அழைத்தால் வசவு. இடப்பெயராகச் சொல்லலாம், ஆளைப் பார்த்துச் சொல்லக் கூடாது. இப்போது பார்க்கிற குவிமாடமும் கோபுரமும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தோற்றம். தொழுகை நேரம் தவிர மற்ற நேரங்களில் உள்ளே விடுவார்கள், போர்த்திக்கொள்ள அங்கியும் தருவார்கள்.

இந்த இடத்தில் தெருவை விட்டுக் கொஞ்சம் விலகி, லெபு சூலியாவில் லெபு கிங் சேரும் மூலைக்குப் போங்கள். சுற்றுலாப் பட்டியல்களில் கடைசி வரியில் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது: நாகூர் தர்கா. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சின்னஞ்சிறு கட்டடம், சுவரை ஒட்டிச் சிறு கடைகள். நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவரை வேண்டிக்கொண்டு வங்கக் கடலைக் கடந்தவர்கள், கரை சேர்ந்ததும் நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று எழுப்பியது. சிங்கப்பூரிலும் இப்படி ஒன்று உண்டு. திருச்சியிலிருந்து நாகூர் எவ்வளவு பக்கம்! கடலுக்கு இந்தக் கரையில் அதே பெயரைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். நான் அந்த மூலையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் நின்றுதான் போவேன்.

தெற்கு முனையில் கூ கொங்சி. கூ குலத்தாரின் குலக்கோவில், இங்கே சீனக் குலங்கள் கட்டியவற்றில் மிக அலங்காரமானது. முதலில் கட்டியது 1901-இல் எரிந்துபோனது. சக்கரவர்த்தியின் அரண்மனையைவிடப் பிரமாதமாகக் கட்டியதால் தெய்வத்துக்குக் கோபம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதனால் கொஞ்சம் அடக்கமாக 1906-இல் மறுபடி கட்டினார்களாம். ‘அடக்கமாக’ என்பது என்னவென்று கூரை விளிம்பை அண்ணாந்து பார்த்தால் தெரியும். நுழைவுச் சீட்டு உண்டு, கொடுக்கலாம்.

பதினொன்றரைக்கு மேல் வெளியே நிற்காதீர்கள். வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். மதியம் மூன்றரை வரை அறை, தூக்கம். தூக்கம் வராதவர்கள் பினாங்கு பெரனாக்கான் மாளிகைக்குப் போகலாம். பெரனாக்கான் என்பவர்கள் இங்கேயே தலைமுறைகளாகத் தங்கி, மலாய் உடையும் சமையலும் பேச்சும் கலந்துபோன சீனர்கள். மணி கோத்துச் செய்த குட்டிச் செருப்புகள், கல்யாண அறை, நகைகள் எல்லாம் 12 வயதுப் பெண்ணுக்குப் பிடிக்கும். சியோங் பாட் சி என்ற செல்வரின் நீல மாளிகையும் புகழ்பெற்றது. சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து அடித்த சுவர். அங்கே குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அழைத்துப் போய் விளக்குவார்கள். இரண்டில் ஒன்றுதான் என்றால் உங்கள் குடும்பத்துக்கு நான் பெரனாக்கான் மாளிகையைச் சொல்வேன்.

சாயங்காலம் லெபு ஆர்மீனியன். 2012-இல் எர்னஸ்ட் சாக்கரேவிச் வரைந்த சுவரோவியங்களுக்கு வரிசையில் நின்று படம் எடுப்பார்கள். மகள் ஆசைப்படுவாள், பத்து நிமிடம் கொடுங்கள். அதே தெருவில் 120-ஆம் எண் வீட்டில்தான் 1910-இல் சன் யாட் சென் சீனப் புரட்சிக்குத் திட்டம் போட்டார். கதவுக்குப் பின்னால் நீளமாக ஓடும் வீடு, நடுவில் வானம் தெரியும் முற்றம். கடைவீட்டின் உள்ளமைப்பு எப்படி என்று பார்ப்பதற்காகவாவது உள்ளே போய் வாருங்கள். அங்கிருந்து பொழுது சாயும்போது சியூ குலத்தாரின் கடல்வீடுகளுக்கு நடந்துவிடலாம். கடலுக்குள் கால் ஊன்றிய மரப்பலகைப் பாதை, இரு பக்கமும் வீடுகள். நிலத்தில் இல்லாததால் நிலவரி இல்லை என்று சொல்வார்கள். முன்வாசல் திறந்திருந்தாலும் அது குடியிருக்கும் வீடு. எட்டிப் பார்க்கவோ படம் எடுக்கவோ வேண்டாம். பலகைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, மாமியார் முன்பாதியோடு நின்றுகொள்ளட்டும்.

மூன்றாம் நாள் காலை மலை. பினாங்கு மலை ரயில் 1923-இல் வந்தது. கயிறு இழுத்துச் செங்குத்தாக ஏறும். இப்போது ஓடுவது 2011-இல் மாற்றிய வேகமான பெட்டிகள். மேலே கீழைவிட ஐந்து டிகிரி வரை குளிரும். ஏழு மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் வரிசை இல்லை. பத்து மணிக்குப் போனால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டி வரும். மேலே ஒரு முருகன் கோவிலும் உண்டு, ஊரும் கடலும் பாலமும் ஒரே பார்வையில் தெரியும். இறங்கும் வழியில் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி புத்தக் கோவில். 1930-இல் முடிந்த அதன் ஏழடுக்குக் கோபுரத்தில் அடிப்பாகம் சீனம், நடுவே தாய், உச்சி பர்மியம். ஊரின் வரலாற்றை ஒரே கட்டடத்தில் அடுக்கி வைத்த மாதிரி. கீழிருந்து படியேற வேண்டாம், காரிலேயே மேல் வாசல் வரை போய்விடுங்கள். உயரமான குவான் யின் வெண்கலச் சிலைக்குச் சாய்வு லிஃப்ட் உண்டு.

அப்புறம் தண்ணீர்மலை. தைப்பூசம் என்றால் பினாங்கில் இதுதான். கடைத்தெருப் பக்கமிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, வழியெல்லாம் மலைமலையாகத் தேங்காய் உடைபட, தண்ணீர்மலை அடிவாரத்து நகரத்தார் கோவிலுக்கு வந்து சேரும். மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு 513 படி. அது முட்டி வலிக்காரர்களுக்கு இல்லை. நகரத்தார் கோவில் தரையிலேயே இருக்கிறது; 1857-இல் கட்டியது. செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்த மாதிரியே இருக்கும். மாமியார் அங்கே உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் மூவரும் ஏறிவிட்டு வாருங்கள். இதற்குச் சாயங்காலம்தான் சரி.

கடாரத்துக்கு வருகிறேன். ராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டிப் படையெடுத்த கடாரம் இன்றைய கெடா மாநிலம் என்பதே அறிஞர்களின் கருத்து. பினாங்குக்கு நேரெதிர் நிலப்பகுதி. அங்கே மெர்போக் என்ற ஊரில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. காரில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தோண்டி எடுத்த இந்து, பௌத்தக் கோவில்களின் அடித்தளங்களை அங்கே பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோவிலை மனதில் வைத்துப் போனால் ஏமாற்றம்தான். இடுப்பளவு கல் மேடைகள், மரத்தால் ஆன மேல்பாகமெல்லாம் எப்போதோ மக்கிப்போய்விட்டது. ஆனால் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டியதையும், அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததையும் படித்தவருக்கு, அந்தக் கற்களின் பக்கத்தில் நிற்பது பெரிய விஷயம். கணவருக்கு அந்த ஈடுபாடு இருந்தால், மூன்றாம் நாள் மலையை விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது பாலத்தில் போய், திரும்பும்போது பட்டர்வொர்த்திலிருந்து படகில் வாருங்கள். 1894-லிருந்து படகுப் போக்குவரத்து நடக்கும் துறை அது. கட்டணம் ஓரிரு வெள்ளிதான். மாமியாரின் தலைமுறைக்கு ராஜுலா கப்பல் என்ற பெயர் தெரிந்திருக்கும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றி வந்து பினாங்கில் இறக்கிய கப்பல். அது வந்து நின்ற கடல் இதுதான் என்று படகில் நின்று காட்டுங்கள்.

இப்போது சாப்பாடு. மாமியார் விஷயத்தில் பயப்பட வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். லிட்டில் இந்தியாவில் சுத்த சைவ உணவகங்கள் இருக்கின்றன. மதியம் வாழையிலைச் சாப்பாடே கிடைக்கும். காலையில் இடியாப்பத்தைப் புட்டு மாயாம் என்று தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். சிக்கல் வெளியே வரும்போதுதான். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்பில் மீன் குழம்பைக் கலந்துவிடுவது வழக்கம்; “பருப்பு மட்டும்” என்று முன்னாலேயே சொல்லுங்கள். கீரைப் பொரியல் மாதிரித் தெரிவதிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். சீனச் சைவக் கடைகளில் முட்டை, வெங்காயம், பூண்டுகூட பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். ஆனால் சோயாவில் கோழி, வாத்து மாதிரியே செய்து அடுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்தாலே சிலருக்குச் சாப்பிட முடியாது. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். செண்டோல் எல்லோருக்கும் ஆகும்: அரிசிமாவில் செய்த பச்சை இழை, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சிவப்புப் பயறு, துருவிய ஐஸ். மதிய வெயிலில் ஒரு கிண்ணம் குடித்தால் உயிர் வரும்.

கணவர் அசைவம் என்றால் நாசி கண்டார் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் போடும் காவடித் தடி. தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு. பரிமாறுகிறவரின் கையைக் கவனியுங்கள். சோற்றைக் குவித்து, கரண்டி முதுகால் ஒரு குழி போடுவார். ஒரு குழம்பில் முக்கிய கரண்டியைத் துடைக்காமலே அடுத்ததில் விடுவார். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு எல்லாம் சோற்றின் மேல் ஓடி ஒன்றாகி, ஒவ்வொரு கவளமும் வேறு ருசியாக வரும். ‘பஞ்சிர்’ என்று சொன்னால் குழம்பை வெள்ளமாக ஊற்றுவார். பெரிய இறாலையும் மீன் சினையையும் கை காட்டும் முன் விலை கேட்டுவிடுங்கள். ஒரு கடையில் நான் கேட்காமல் எடுத்து, மற்றவர்கள் தட்டைப் போல் மூன்று மடங்கு கொடுத்தேன்.

மே கடைசியில் போனால் டுரியான் வரத் தொடங்கியிருக்கும். தீவின் மேற்கே பாலிக் பூலாவ் தோட்டங்களில் விளைவது. மணம் பிடிக்காதவர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அறைக்குள் கொண்டுபோக விடுதிகளும் அனுமதிக்காது. நான்காம் நாள் காலை சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஊறுகாயும் ஜாதிக்காய்த் தைலமும் வாங்குங்கள். மாமியாரின் முட்டிக்குத் தேய்க்க அந்தத் தைலம் இதமாக இருக்கும். தாவ் சார் பியா என்ற பயறு பூரணம் வைத்த பிஸ்கட்டை ஊருக்கு வாங்குவார்கள். சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதால் சைவமா என்று கேட்டு வாங்குங்கள்.

பயண ஏற்பாடு. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய் அங்கிருந்து ஒரு மணி நேர விமானம் ஒரு வழி. சென்னையிலிருந்து நேராகப் பினாங்குக்கு 2024 டிசம்பரில் இண்டிகோ விமானம் விட்டது. உங்கள் தேதிக்கு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மாமியாருக்கு அதுதான் நல்லது. இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1-இல் தொடங்கியது, 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை ஆளுக்கொன்றாக, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் குடிவரவுத் துறையுடையது அல்ல, மூடிவிடுங்கள். ஊருக்குள் கேட் என்ற இலவசப் பேருந்து சுற்றி வரும். தூரத்துக்கு கிராப் செயலியில் கார். சதுர முனை மூன்று கொண்ட பிளக் அடாப்டர், நால்வருக்கும் குடை, கழற்றி மாட்ட எளிதான செருப்பு. கோவில், பள்ளிவாசல் என்று ஒரே காலையில் அரை டஜன் முறை கழற்றுவீர்கள்.

டிக்கெட் போடும்போது ஒன்று பாருங்கள். நான் சொன்ன இரண்டாம் நாள் காலை வெள்ளிக்கிழமையில் விழுந்தால், அந்த நடையை மலைக்குப் போகும் நாளோடு மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளியன்று தெருவும் பள்ளிவாசலும் தொழுகைக் கூட்டத்தில் நிறைந்திருக்கும், உள்ளே போய் நிதானமாகப் பார்க்க முடியாது.